வலத்தானை அழைத்த குரல்

அந்த யோசனை எனக்கு வந்தபோது என் வாயில் பாதி வடை இருந்தது. விமானத் திடலின் கேண்டீன் கூடாரத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். எங்கள் படையின் ரேடியோ கார்ப்பொரல் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, நாக்கை மேலண்ணத்தில் தட்டி ‘டொக், டொக்’ என்று இரண்டு முறை ஒலி எழுப்பி, “ஏ வலத்தான், வெயில்ல என்ன மேய்ச்சல்? வண்டியக் கெளப்பு” என்றார். அது அவருடைய குரல் இல்லை. பக்கத்துப் படையின் லெப்டினன்ட்டுடைய குரல். வெளியே வேப்பமரத்தடியில் கண்ணயர்ந்திருந்த ஓர் இளம் விமானி துள்ளி எழுந்து, தொப்பியைத் தேடிப் பிடித்து, விமானம் நின்ற திசையில் ஓடினான். கூடாரமே சிரித்துப் புரண்டது. நான் மட்டும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். பத்தடி தூரத்தில், கம்பியும் வால்வும் இல்லாமலே ஒரு காது இப்படி ஏமாறுமென்றால், ரேடியோ வழியாக, வானத்தில் இருக்கிற காது என்ன பாடுபடும்?

எனக்கு அப்போது இண்டர்மீடியட் முடித்த சூடு ஆறவில்லை. கையில் கிடைத்த எதையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவேன். யுத்தம் வந்து, மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் நடுவே ஆடு மேய்ந்துகொண்டிருந்த பொட்டலைச் சமப்படுத்தி விமானங்களைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, அங்கே ரேடியோ மெக்கானிக்காகச் சேர்ந்துவிட்டேன். இரண்டு படைகள் அந்தத் திடலைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. எங்கள் விமானங்களின் மூக்கில் கொக்குப் படம். எதிர்வரிசை விமானங்களில் நண்டு. இரண்டுக்கும் அரசாங்கம் கொடுத்த எண்கள் உண்டு. சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் அவற்றை ஒருநாளும் சொன்னதில்லை. கொக்குப் படை, நண்டுப் படை. அவ்வளவுதான்.

கொக்குக்கும் நண்டுக்கும் என்ன உறவு இருக்க முடியுமோ அதுதான் எங்களுக்குள்ளும் இருந்தது. காற்றின் திசை பார்க்கக் கம்பத்தில் கட்டியிருந்த துணிக்குழாயை நாங்கள் அவிழ்த்துவிட்டு ஒரு சீட்டிப் பாவாடையைக் கட்டினோம். நண்டுப் படை அரை நாள் அந்தப் பாவாடையைப் பார்த்துத்தான் தரையிறங்கியது. பதிலுக்கு, நாங்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், எங்கள் விமானம் ஒவ்வொன்றிலும் கொக்கின் கழுத்தைக் கவ்வியபடி ஒரு நண்டைச் சிவப்பில் தீட்டி வைத்தார்கள். கண்மாயிலிருந்து உயிர் நண்டுகளைப் பிடித்து வந்து அவர்களுடைய பூட்ஸுகளுக்குள் போட்டோம். ஏமாந்தவன் கோபப்படக் கூடாது, ஏமாற்றியவனுக்கு டீ வாங்கித் தர வேண்டும் என்பது வழக்கம். இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டால் விளையாட்டு நின்றுவிட வேண்டும். வானத்தில் எவனும் எவனோடும் விளையாடக் கூடாது. என் யோசனை அந்தக் கட்டுப்பாட்டை உடைத்துவிடும் என்பது அந்த வடை உள்ளே இறங்குவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் அது இன்னும் ருசித்தது.

கார்ப்பொரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரை தெற்குவாசல் பக்கத்து முஸ்லிம் குடும்பம். அவருடைய தகப்பனார், அவர் வாயில் ‘அத்தா’, ஜவுளி வியாபாரி. எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர். சந்தில் போகிற ஈயம் பூசுகிறவன், ஐஸ்காரன், சண்டை போடுகிற பக்கத்து வீட்டு மாமி என்று எல்லார் குரலும் அவர் தொண்டையில் குடியிருந்தன. அது எப்படி வருகிறது என்று ஒருமுறை கேட்டேன். “ஒரு ஆளு எந்த எடத்துல மூச்சு விடுறாருன்னு பாத்துக்கணும் மாப்ள. அங்க நம்ம மூச்ச நிறுத்தினாப் போதும். கொரல் தானா வந்து உக்காந்துக்கிரும்” என்றார். அப்போது சிரித்தேன். பிறகு பலமுறை அந்த வாக்கியத்தை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நம்முடைய மூச்சை நிறுத்தி வைத்துவிட்டு இன்னொருவருக்கு இடம் விடுவது என்றால், வருகிறவர் திரும்பிப் போவார் என்று என்ன நிச்சயம்?

அவர் எடுத்த குரல் சாதாரணமான குரல் இல்லை. நண்டுப் படை லெப்டினன்ட் அலங்காநல்லூர்ப் பக்கத்தில் உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. படித்து, வெளியூரில் பயிற்சி பெற்று, விமானம் ஓட்ட வந்த பிறகும் அவர் வாயிலிருந்து ஏரும் மாடும் போகவில்லை. தன் இடப்பக்கம் பறக்கிற விமானியை இடத்தான் என்றும் வலப்பக்கம் பறக்கிறவனை வலத்தான் என்றும் கூப்பிடுவார், ஏரில் பூட்டிய இரண்டு காளைகளைக் கூப்பிடுகிற மாதிரி. ஒவ்வொரு முறை பேசுவதற்கு முன்னாலும் மாட்டை முடுக்குகிற அந்த ‘டொக்’. ரேடியோவில் இங்கிலீஷில், விதிப்படி பேச வேண்டும் என்று மேலிடத்திலிருந்து எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார்கள். கூட்டிப் போனவர்களை அப்படியே திருப்பிக் கூட்டி வந்துவிடுகிற மனிதரிடம் அதற்கு மேல் என்ன பேசுவது? வேப்பமரத்தடியிலிருந்து துள்ளி ஓடியவன்தான் அவருடைய வலத்தான். திருமங்கலத்துப் பையன், என் வயதுதான் இருக்கும்.

திடலின் மேற்கு ஓரத்தில் ரேடியோ பொருத்திய வேன் ஒன்று நிற்கும். ஒரு காலை வேளையில், நண்டுகள் மூன்றும் திரும்பி வருகிற நேரம் பார்த்து, கார்ப்பொரலை அதற்குள் உட்காரவைத்து மைக்கை அவர் கையில் கொடுத்தேன். ‘டொக், டொக்.’ “வலத்தான், ஓடுபாதையில ஆடு நிக்கிது. இன்னொரு சுத்து சுத்திட்டு வா.” வலத்தானின் விமானம் இறங்க வந்தது, மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டது. மறுபடியும் வந்தது. “ஆடு இன்னும் போகல.” மறுபடியும் மேலே போனது. நான் வேனின் தரையில் விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அப்போது ஸ்பீக்கரில் அதே குரல் இன்னொன்று கேட்டது.

“டேய். யார்ரா நீ?”

மேலே பறந்துகொண்டிருந்த லெப்டினன்ட் பேசுகிறார். கார்ப்பொரல் மைக்கை வைத்துவிட்டிருக்கலாம். வாய் ருசி விடவில்லை. அதே குரலில், அதே நிதானத்தில், “நாந்தான்டா நீ” என்றார்.

அதற்குப் பிறகு நெடுநேரம் ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் வந்தது. மணல் கொட்டுகிற மாதிரி ஓர் இரைச்சல். என் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. கார்ப்பொரல் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “அவரு சிரிக்கல மாப்ள” என்றார், தன் சொந்தக் குரலில்.

லெப்டினன்ட் இறங்கியதும் நேராக எங்கள் கூடாரத்துக்கு வந்தார். வழக்கப்படி டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு, “எங்க, இப்பப் பேசு” என்றார். கார்ப்பொரல் பேசினார். கண்ணாடியில் தன் முதுகைப் பார்க்க முயல்கிறவர் மாதிரித் தலையைச் சாய்த்துக் கேட்டார் அவர்.

“நீ ரெண்டு டொக்கு போடுற. நான் ஒண்ணுதானப்பா போடுவேன்.”

“கேக்குறவுகளுக்கு ரெண்டு போட்டாத்தான் சார் ஒண்ணு மாதிரி இருக்கும்.”

அதற்கு லெப்டினன்ட் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, இனி அந்தக் குரலை வானத்துக்கு ஏற்றுவதில்லை என்று கார்ப்பொரலிடம் சத்தியம் கேட்டார். “தரையில என்ன வேணா பண்ணு. மேல இருக்கப்ப என் பயலுக எங்கொரலைத்தான் புடிச்சிக்கிட்டு வாரானுக. அது ஒரே கயிறுப்பா. ரெண்டாப் பிரிச்சிராத.” கார்ப்பொரல் அல்லா மேல் ஆணையிட்டார்.

ஆனால் நண்டு சும்மா விடுமா? மறுநாளிலிருந்து லெப்டினன்ட் தன் பதிலடியைத் தொடங்கினார். வானத்தில் அவரே இரண்டு டொக் போட ஆரம்பித்தார். கார்ப்பொரல் எந்த இடத்தில் சொல்லை இழுப்பாரோ அந்த இடத்தில் இழுத்தார். தன்னைக் கேலி செய்தவனை அவர் கேலி செய்தார். அதாவது தன் நகலுக்கு ஒரு நகல் எடுத்தார். ஒவ்வொரு முறையும் எங்கள் கார்ப்பொரல்தான் விளையாடுகிறார் என்று நினைத்து எங்கள் அதிகாரி ஓடிவந்து கத்துவார். கார்ப்பொரல் வெறுங்கையோடு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருப்பார். இப்படியே சில வாரங்கள் போயின. அசல் எது என்று கேட்டால் ரேடியோவையே தினம் காதில் மாட்டிக்கொண்டிருந்த என்னாலும் சொல்ல முடியாது என்கிற நிலைமை வந்துவிட்டது. எங்களுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது.

ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, உச்சிவேளை. எங்கள் பக்கத்தில் உச்சிவேளையில் பொட்டலில் தனியே நடக்காதே என்பார்கள். நிழல் காலுக்கடியில் சுருண்டுவிடுகிற நேரத்தில் முனி நடமாடும் என்று. நான் படித்தவன், அதையெல்லாம் நம்புவதில்லை. அன்றைக்குக் காற்று செம்மண்ணைக் கிளப்பி வானத்தையும் தரையையும் ஒன்றாக்கியிருந்தது. சூரியன் ஒரு பித்தளைத் தட்டு மாதிரித் தெரிந்தது, அதை நேராகப் பார்க்க முடிந்தது. லெப்டினன்ட்டும் வலத்தானும் இரண்டு விமானங்களில் போயிருந்தார்கள். சாப்பாட்டு வேளையில் ஒரு ரேடியோக் கூடாரமே இரண்டு படைக்கும் காதாக இருப்பது வழக்கம். அன்று அந்தக் காது நான். கார்ப்பொரல் ஜும்மாத் தொழுகைக்காகச் சைக்கிளில் தெற்குவாசலுக்குப் போயிருந்தார்.

முதலில் வலத்தானின் குரல் வந்தது. ஒன்றும் தெரியவில்லை, தலைவர் லெப்டினன்ட்டைக் காணவில்லை, பெட்ரோல் குறைந்துவிட்டது. குரல் உடைந்திருந்தது. நான் பதில் சொல்ல மைக்கை எடுப்பதற்குள் ‘டொக், டொக்’ கேட்டது.

“வலத்தான். பதறாத. கீழ கம்மாத் தண்ணி பளபளங்குது பாரு. கரையப் புடிச்சுக்க.”

மூச்சு விட்டேன். லெப்டினன்ட் இருக்கிறார், கூட்டி வந்துவிடுவார். குரல் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. இன்னுங் கொஞ்சம் எறங்கு. வலது பக்கம் ஒடி. ஆங், அப்பிடித்தான். அப்போது டெலிபோன் அடித்தது. ஒரு காதில் ஹெட்போனை விட்டுவிட்டு மறுகாதில் டெலிபோனை வைத்தேன். சமயநல்லூரிலிருந்து ஒருவர் மூச்சிரைக்கப் பேசினார். “சார், ஒங்க பிளேன் ஒண்ணு நாகமலையில மோதி விழுந்துருச்சு. நண்டுப் படம் போட்டது. விழுந்து நேரமாச்சு சார். ஊரே அங்க நிக்கிது, தீயில பக்கத்துல போக முடியல.”

ஹெட்போன் இருந்த காதில் அந்தக் குரல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. “நீ முன்னால போ வலத்தான். நான் இங்கதான் இருக்கேன்.”

எவ்வளவு நேரம் இரண்டு காதுகளோடும் அப்படியே நின்றேன் என்று தெரியாது. பிறகு எனக்கு வந்த எண்ணம் ஒன்றுதான், அதுவும் ஆறுதலாக வந்தது: கார்ப்பொரல். ஜும்மாவுக்குப் போகவில்லை. வேனில் இருக்கிறார். நிலைமையைக் கேட்டுவிட்டுச் சத்தியத்தை மீறிப் பையனைக் கூட்டி வருகிறார். எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் திடலின் மேற்கு ஓரத்துக்கு ஓடினேன். வேனின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரும் இல்லை. ரேடியோ செட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். பேசி முடித்த செட் சூடாக இருக்கும். சூடாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெயிலில் நாற்காலியும் சுட்டது, கதவின் பிடியும் சுட்டது, தகரச் சுவரும் சுட்டது.

புழுதியைக் கிழித்துக்கொண்டு வலத்தானின் விமானம் ஓடுபாதையில் நேராக, அழகாக இறங்கியது. அவன் கீழே குதித்து, வந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். யாரோ அவன் தோளைத் தொட்டார்கள். “இருங்க, அவரு பின்னாலதான் வாராரு” என்றான். எங்கள் கொக்குகளும் அவர்களுடைய நண்டுகளும் ஒரே வரிசையில் நின்று அந்த வெற்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் கார்ப்பொரல் திடலின் வாசலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், தலையில் தொழுகைத் தொப்பி, இமையெல்லாம் செம்மண். ஊரிலிருந்து வருகிறாரா, வேனிலிருந்து போய்ச் சுற்றி வருகிறாரா என்று அந்தச் செம்மண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அன்று எல்லார் இமையிலும் அது இருந்தது.

விசாரணையில் அவர், “நான் இல்ல சார்” என்றார். அதிகாரிகள் நம்பவில்லை, ஆனால் ஓர் உயிரைக் காப்பாற்றியவரை எதற்காகத் துருவுவது என்று விட்டுவிட்டார்கள். இரண்டு டொக் கேட்டதா என்று என்னைக் கேட்டார்கள். கேட்டது என்றேன். அப்படியானால் கார்ப்பொரல்தான் என்று ஒருவர் எழுதப் போனார். லெப்டினன்ட்டும் சில வாரமாக இரண்டுதான் போட்டுக்கொண்டிருந்தார் என்று சொன்னதும் பேனாவை மூடிவிட்டார்.

விட முடியாமல் போனது வலத்தானால்தான். அவன் சாப்பிடவில்லை. மலையடியில் நின்றவர்கள் சொன்னதை யாரோ அவன் காதில் போட்டுவிட்டார்கள்: விமானம் விழுந்ததும் தீ உடனே உள்ளே போகவில்லை, வால் பக்கமிருந்து மெதுவாகத்தான் வந்ததாம். ஒரு மெக்கானிக்காக எனக்குத் தெரியும், அப்படி மோதிய விமானத்தில் ரேடியோ வேலை செய்வது அரிது. அரிது என்றுதான் சொல்ல முடிந்தது, செய்யாது என்று சொல்ல முடியவில்லை. அவன் கேள்வி எளிமையானது. பேசியது கார்ப்பொரல் என்றால், தலைவர் மோதிய நொடியிலேயே போய்விட்டார், யாரும் எதுவும் செய்திருக்க முடியாது. பேசியது தலைவர் என்றால், அவர் அந்தப் பாறையில் உயிரோடு மாட்டிக்கொண்டு இவனை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார், இவனும் சொன்ன பேச்சைக் கேட்டு விட்டுவிட்டு வந்துவிட்டான்.

ஒரு நாள் அவன் எங்கள் கூடாரத்துக்கு வந்து கார்ப்பொரல் முன்னால் உட்கார்ந்தான். அதிகாரி ஒருவன் கார்ப்பொரலின் காலடியில் மண் தரையில் உட்கார்ந்தது அந்தத் திடலில் அதுதான் முதல் தடவை.

“நீங்கதானண்ணே பேசுனீங்க?”

கார்ப்பொரல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆமா தம்பி. நாந்தான். ஜும்மாவுக்குப் போகல. வேன்லதான் இருந்தேன்.”

வலத்தான் முகத்தில் ரத்தம் திரும்பியதை நான் பார்த்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “ஒரு வாட்டி பேசிக் காட்டுங்கண்ணே. வேற ஒண்ணும் வேணாம்.”

கார்ப்பொரல் வாயைத் திறந்தார். ‘டொக்’ ஒன்று வந்தது. இரண்டாவது வரவில்லை. “வேணாம் தம்பி. அவருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்” என்றார்.

“தரையில பேசலாம்னுதான அவரு சொன்னாரு? வானத்துலதான பேசக் கூடாது? அதையே அன்னைக்கு மீறுனேன்னு சொல்றீங்க, இப்ப இது முடியாதா?”

கார்ப்பொரல் தலையைக் குனிந்துகொண்டார். வலத்தான் மெல்ல அவர் கையை விட்டான். அவன் அந்தக் கையை விட்டதைப் பற்றித்தான் இந்த நாள்வரை நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

யுத்தம் முடிந்தது. கொக்கும் நண்டும் வேறு வேறு ஊர்களுக்குப் பறந்தன, பிறகு கலைந்தன. திடலில் மறுபடியும் ஆடுகள். போன வாரம் திருமங்கலம் பஸ்ஸில் வலத்தானைப் பார்த்தேன். அப்பாவின் பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். டீக்கடையில் ரேடியோ பாடினால் தெருவின் அந்தப் பக்கமாகப் போகிறான் என்று அவனே சொன்னான். பயணிகள் விமானம் ஓட்ட அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். போக ஆசைதான். “ஹெட்போன மாட்டுனா யாரு பேசுவாகன்னு தெரியாம எப்பிடிய்யா மாட்டுறது?” என்று கேட்டான். நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

அன்று மாலையே தெற்குவாசலுக்குப் போனேன். கார்ப்பொரல் இப்போது அத்தாவின் கடையில் உட்காருகிறார். குரல்களையெல்லாம் விட்டுவிட்டார், கடைக்கு வருகிற குழந்தைகளுக்குப் பூனை மாதிரிகூடக் கத்திக் காட்டுவதில்லை. நேராகவே கேட்டேன். விசாரணையில் இல்லையென்றீர்கள், அவனிடம் ஆமாமென்றீர்கள், எது நிஜம்? அவர் அளந்த துணியை மடித்து வைத்தார். “எதச் சொன்னா அந்தப் புள்ள சோறு திம்பான்னு பாத்தேன் மாப்ள.”

நான்தான் திட்டத்தைச் சொன்னேன். யுத்தச் சாமான் ஏலத்தில் எடுத்த இரண்டு பழைய செட்டுகள் என் வீட்டில் இருக்கின்றன, இரண்டையும் பேசவைத்துவிட்டேன். வேன் நின்ற இடத்திலிருந்து கார்ப்பொரல் அந்தக் குரலில் பேசட்டும். நாகமலையடியில் ஹெட்போனோடு உட்கார்ந்து வலத்தான் கேட்கட்டும். அதுதான் இது என்று அவன் காது சொல்லிவிட்டால் அவன் பறந்து போகலாம். கார்ப்பொரல் வெகுநேரம் கல்லாப்பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“வெள்ளிக்கெழம வாரேன். ஜும்மா முடிஞ்சு” என்றார் கடைசியில். “ரெண்டு கடியாரத்தையும் ஒண்ணா வச்சுக்குவம். மூணு மணி ஆன பொறவுதான் நான் வாயத் தொறப்பேன். அதுக்கு முன்னால அவன் காதுல ஏதாச்சும் விழுந்து, அவன் தலையாட்டினான்னா, நீ பேசாம செட்ட அமத்திரு. என்ன கேட்டுச்சுன்னு அவன்ட்டக் கேக்காத. எங்கிட்டயும் சொல்லாத.”

பாட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றிவிட்டேன். கடிகாரம் ஒன்று இரவல் வாங்கியாகிவிட்டது. வலத்தான் வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறான். வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுது தாண்டியதும் இருவரும் சமயநல்லூரில் இறங்கி நடக்கப் போகிறோம். மூன்று மணிக்குச் சற்று முன்னதாகவே செட்டைப் போட்டுச் சூடேற்ற வேண்டும், இல்லாவிட்டால் வால்வு பேசாது. என்னிடம் ஹெட்போன் ஒன்றுதான் இருக்கிறது. அந்தச் சில நிமிஷங்கள் அதை அவன் காதில் மாட்டுவதா, என் காதில் மாட்டிக்கொள்வதா என்பதை மட்டும் நான் இன்னும் முடிவு செய்யவில்லை.